ஜிம்மி குடித்த பருத்திப்பால்

செத்தது ஒரு நாய். அதற்காகக் கோச்சடை 'வைகை விஸ்டா' அடுக்குமாடிக் குடியிருப்பே துக்கம் காத்தது. கேட்டில் கறுப்பு ரிப்பன், லிஃப்டில் ஜிம்மியின் கலர் போட்டோ, வாட்ஸப் குழுவில் வரிசையாகக் கண்ணீர்ப் பொம்மைகள். அதோடு விட்டார்களா? கேட்டுக்கு வெளியே பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்த செல்லத்தாயின் தள்ளுவண்டியை உள்ளே இழுத்து, ஜெனரேட்டர் அறைக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"கொலையாளியக் கட்டிப் போடணும்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்க வண்டியக் கட்டிப் போட்டிருக்காக. கிட்டப் போனா கடிக்குமா மேடம்?" என்றான் மருது.

மதுவந்தி பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். பேச்சு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மருதுவுக்குச் சம்பளம் கொடுக்கிறாள் என்று அலுவலகம் இருக்கும் டவுன்ஹால் ரோட்டில் பேசிக்கொள்வார்கள்.

கேட்டுக்கு வெளியே, அவர்களைக் கூப்பிட்டிருந்த செல்லத்தாய் நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"பொழுது சாய மீட்டிங்காம் தாயி. தீர்மானம் போட்டு, நாந்தேன் வெசம் வச்சேன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாகளாம். அப்புறம் கோச்சடையில எவுக டம்ளர நீட்டுவாக? நாய்க்குக் கூட நான் பிஸ்கட்டுத்தேன் போடுவேன். பருத்திப்பாலு ஊத்துனதே இல்ல."

"அப்படின்னா நாயைப் பார்த்த டாக்டர் எதுக்குப் பருத்திக்கொட்டைன்னு சொன்னார்?" என்றாள் மதுவந்தி.

"அவரு எங்க சொன்னாரு? இவுக சொல்ல வச்சாக."

நடந்தது இதுதான். ஜிம்மிக்குச் சில நாட்களாகவே சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளாகி, ரத்தம் கக்கிச் செத்தது. ஈரல் கெட்டிருக்கிறது, பூஞ்சணம் பிடித்த தீனியில் வரும் நஞ்சு, கடலை, சோளம், பருத்திக்கொட்டை எதிலும் வரலாம் என்றார் கால்நடை டாக்டர். நாய்க்குச் சீக்கிரம் காட்டிவிடும், மனுஷனுக்குள் அது மெதுவாக வேலை செய்யும் என்றும் சொன்னார். கடலையும் சோளமும் யார் காதிலும் விழவில்லை. பருத்திக்கொட்டை மட்டும் விழுந்தது. காரணம், அதை உரக்கத் திருப்பிச் சொன்னவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கிரீஷ்.

கிரீஷுக்கு ஒரு தொழில் இருந்தது. சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு 'மண்வாசம்' என்ற பெயரில் பருத்திப்பாலைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். சணல் கயிறு கட்டிய பாட்டில். கேட்டுக்கு உள்ளே சின்னதாக ஒரு கடை. செல்லத்தாயிடம் ஒரு டம்ளருக்குக் கொடுக்கும் காசில் மண்வாசத்தில் மூடியைத்தான் வாங்க முடியும். ஆனாலும் குடியிருப்பில் பாதிப்பேர் வாங்கினார்கள். பிள்ளைகளின் ஸ்கூல் பைகளில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதுவும் போனது.

"மேடம், முடிஞ்சுபோச்சு. போட்டி வியாபாரி. அவந்தேன். வாங்க டீ குடிக்கலாம்."

"போட்டி வியாபாரிங்கறது சந்தேகம், மருது. ஆதாரம் வேற. முதல்ல நாய் என்ன குடிச்சுதுன்னு பார்ப்போம்."

ஜிம்மியின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது ஜகதாம்பாள். பின்னால் ஊஞ்சலில் அவள் கணவர் ஹாலாஸ்யம், ரிட்டயர்டு பேங்க் அதிகாரி, சட்டையில்லாமல், பூணூலும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. ஆள் மட்டும் திடமாக இருந்தார்.

பேசியதெல்லாம் ஜகதாம்பாள்தான்.

"எங்காத்துக்காரர் தெருவுல விக்கறதை எதையும் தொடமாட்டார். கார்த்தால வாக்கிங் போயிட்டு வந்தவுடனே மண்வாசம் பாட்டில் ஒண்ணு. சுடப்பண்ணி டம்ளர்ல விட்டு வெச்சுடுவேன். இந்த ஊஞ்சல்ல உக்காந்துண்டு அண்ணாந்து குடிப்பார். எச்சில் பண்ணிக் குடிக்கற வழக்கமே எங்காத்துல கிடையாது."

"ஜிம்மிக்கு?"

"அதுக்குத் தயிர்சாதம். வாக்கிங் போறச்சே அந்த வண்டிக்கடியில சிந்திக் கிடந்ததை நக்கியிருக்கும். வேற என்ன?"

மதுவந்தி பால்கனிக்குப் போனாள். மூலையில் ஜிம்மியின் அலுமினியத் தட்டு கழுவாமல் கிடந்தது. மேலே கொடியில் வெள்ளை அரைக்கைச் சட்டைகள். ஒவ்வொன்றின் மார்பிலும் பழுப்பாக ஒரு சொட்டுக் கோடு. துவைக்கப் போட்டிருந்த கூடையில் இன்னொரு சட்டை. அதன் பையோரத்தில் காய்ந்துபோன தேங்காய்த் துருவல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன கறை மாமி?"

"அதை ஏன் கேக்கறே! வாக்கிங் போற சட்டை. கருப்பட்டியாட்டமா கறை. எந்த சோப்புக்கும் அசையமாட்டேங்கறது."

"ஓ. மாமி, ஒரு வாய் காபி கிடைக்குமா?"

ஜகதாம்பாள் உள்ளே போனாள். மருதுவுக்கு ஆச்சரியம். மேடம் காபி குடிக்கமாட்டாள்.

மதுவந்தி ஊஞ்சலுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, நீங்க ஆத்துல எப்பவும் இப்படித்தானா? சட்டையில்லாம?"

"ஆமாம். ஏன்?"

"அண்ணாந்து குடிக்கறவா மேல கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். பருத்திப்பால் வேற கெட்டி. ஆத்துல சட்டையில்லாம குடிச்சா மார்புல சிந்தும், துடைச்சா போயிடும். உங்க வாக்கிங் சட்டையில எப்படி மாமா கொட்டித்து? அதுவும் தேங்காய்த் துருவலோட? பாட்டில்ல தேங்காய் கிடையாது. போட்டா ஊசிப்போயிடும். செல்லத்தாய் வண்டியிலதான் துருவிப் போடுவா."

ஊஞ்சல் நின்றது. ஹாலாஸ்யம் சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பேங்கில் எத்தனையோ ஆடிட்டரைச் சமாளித்த மனிதர் ஒரு காபி டபராச் சத்தத்துக்குப் பயந்தார்.

"தினம் அங்கேதான் குடிப்பேன்," என்றார் மெல்ல. "அந்தப் பாட்டில்ல ஒரு பூசண வாடைம்மா. நிறைய சுக்கைத் தட்டிப் போட்டு மறைச்சிருக்கான். வாயில வெக்க முடியலை. ஜகதாகிட்டே சொன்னா, தெருவண்டிக்கு நாக்கு அலையறதும்பா."

"சரி, ஆத்துல டம்ளர்ல விட்டு வெச்சது?"

அவர் பால்கனியில் கிடந்த தட்டைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

"ஆறவெச்சு ஜிம்மி தட்டுல விட்டுடுவேன். அது எம்முகத்தைப் பாத்துண்டே குடிக்கும். மொதல்ல அதுக்கும் பிடிக்கலை. நான் தடவிக் குடுத்தா குடிச்சுடும்." தன் கையையே பார்த்தார். "நான்தான் குடுத்தேன். தினம் தினம் நான்தான் குடுத்தேன்."

மருது தயாராக வைத்திருந்த நக்கலைக் கைவிட்டான். கிழவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வண்டியில குடிச்ச நீங்க கல்லு மாதிரி இருக்கேள். பாட்டில்ல குடிச்ச ஜிம்மி போயிடுத்து," என்றாள் மதுவந்தி. "இதை சாயங்காலம் மீட்டிங்ல சொல்லணும் மாமா."

"ஜகதா முன்னாடியா?"

"ஜகதா மாமி முன்னாடிதான். நீங்க வாயைத் திறக்கலைன்னா ஒரு பொம்பளை பிழைப்பு போயிடும்."

காபி வந்தது. மதுவந்தி அதை மருதுவிடம் தள்ளிவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்த மண்வாசம் பாட்டில்கள் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஹாலாஸ்யம் சொல்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கீழே வந்ததும் ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்த மருது, முகத்தைச் சுளித்து, பக்கத்து வாழைப் பாத்தியில் கவிழ்க்கப் போனான்.

"மூடி வை. வாழை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மதுவந்தி. பாட்டிலைத் திருப்பி, பின்பக்க எழுத்தைப் படித்தாள். 'பேரையூர்க் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியிலிருந்து.' "பைக்கை எடு."

திருமங்கலம் தாண்டியதும் வெயில் முதுகில் உறைத்தது. பைக்கில் போகும்போதே மருது கத்திக் கேட்டான்.

"மேடம், தாத்தா சொன்னதே போதுமே? பாட்டில லேப்ல குடுத்தா தெரிஞ்சுருமே?"

"பாட்டில்ல நஞ்சு இருக்கறது தெரியும். 'ஐயோ எனக்குத் தெரியாதே, மழை, ஈரம், நானும் ஏமாந்துட்டேன்'னு கிரீஷ் அழுவான். எல்லாரும் சேர்ந்து அவனுக்கு ஆறுதல் சொல்லுவாங்க. தெரிஞ்சு செஞ்சானா, தெரியாம செஞ்சானா? அதுதான் எனக்கு வேணும்."

பேரையூருக்கு வெளியே, கரிசல் காட்டு ஓரத்தில் தகரக் கொட்டகை. 'மண்வாசம்' என்று அழகான எழுத்தில் போர்டு. உள்ளே அழகு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் அரைக்கும் மெஷினும் கொதிக்கவைக்கும் அண்டாவும். மறுபக்கம் தார்ப்பாய் போர்த்திய பருத்திக்கொட்டைக் குவியல். கூரைத் தகரத்தில் ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. மருது தார்ப்பாயைத் தூக்கினான். கொட்டை கட்டி கட்டியாக ஒட்டி, பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தது. ஈரச் சாக்கு நாற்றம்.

"ஏய், யாரது?"

கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் சிவனாண்டி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"கொட்டை வாங்கலாம்னு வந்தோம்ணே. மாட்டுக்கு," என்றான் மருது கூசாமல். கை, சட்டைப்பையிலிருந்த செல்போனில் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டது.

"மாட்டுக்கா? இது ஆகாதுய்யா. போன மழையில நனைஞ்ச கொட்டை."

கொட்டகைக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம். மூன்று பசுக்கள், எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பாக. மதுவந்தி தொழுவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொட்டியருகே போய்க் குனிந்தாள். தவிடும், கடையில் வாங்கிய தீவனமும். மூலையில் உசிலம்பட்டிக் கடையின் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"அண்ணே, கரிசல் காட்டுல மாடு வச்சிருக்கறவங்க பருத்திக்கொட்டைக்கு அலைவாங்க. இங்க மலை மாதிரி குவிச்சு வச்சுக்கிட்டு, காசு குடுத்துத் தீவனம் வாங்கறீங்களே?"

சிவனாண்டி சிரித்தார். "நல்லாக் கேட்டீக. முன்னெல்லாம் கொட்டைதேன் ஊறப்போட்டு ஆட்டிப் போட்டோம். மொதலாளி வீட்டுப் பிள்ளைக ரெண்டும் இந்த மாட்டுப் பாலைத்தேன் குடிக்குது. பாட்டில் வண்டியில தெனம் கேன் போகும். ஒருநா மொதலாளி பாலை எங்கயோ குடுத்து டெஸ்ட் எடுத்திருக்காரு. என்னமோ வெசம், கொட்டையில இருந்து பாலுக்கு எறங்குதாம். அன்னைக்கே ஓடியாந்து, இனி இந்தக் கொட்டைய மாட்டுக்குக் காட்டவே கூடாதுன்னுட்டாரு. நல்ல மனுசரு. வாயில்லா சீவன் மேல அம்புட்டுப் பிரியம்."

மருது திரும்பி மதுவந்தியைப் பார்த்தான். அவள் முகம் கல்லாகியிருந்தது.

"கொட்டையை என்ன செஞ்சீங்க? கொட்டிட்டீங்களா?"

"கொட்டவா? எம்புட்டுக் கொட்டை! அதேன் அரைச்சுப் பாட்டில்ல போகுதுல்ல. மனுசருக்குக் கொதிக்க வச்சுல்ல குடுக்கோம், ஒண்ணும் செய்யாதுன்னு மொதலாளி சொன்னாரு."

"கொதிச்சா சாகறது கிருமிண்ணே. இந்த நஞ்சு சாகாது," என்றாள் மதுவந்தி. 

திரும்பும் வழியில் மருது பைக்கை விரட்டினான். கப்பலூர் வந்தபோது சொன்னான். "மேடம், நான் அடுத்த பிறவியில அந்தத் தொழுவத்துல மாடாப் பொறக்கணும். கேட்ல வாட்ச்மேன்கிட்ட சல்யூட் வாங்கிக்கிட்டு, வைகை விஸ்டாவுல ஃபிளாட் வாங்குற மனுசனாப் பொறக்கவே கூடாது."

சங்கத்துக் கூட்டம் ஏசி ஹாலில். நாய்க்கு அஞ்சலி என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெளியே நின்ற செல்லத்தாயை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. மதுவந்திதான் கையைப் பிடித்து அழைத்து வந்து முதல் வரிசையில் உட்காரவைத்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறிடம் போனார்.

கிரீஷ் தீர்மானத்தைப் படித்தார். சுகாதாரம், பாரம்பரியம், நம் குழந்தைகளின் பாதுகாப்பு. நல்ல குரல். அவர் மனைவி தீப்தி கைதட்டலைத் தொடங்கிவைத்தாள்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

 மதுவந்தி திரும்பிப் பார்க்கவில்லை. மருது பார்த்தான். கடைசி வரிசையில் ஹாலாஸ்யம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லத்தாய் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

ஹாலாஸ்யம் எழுந்து நின்றார். போட்டிருந்தது அந்தத் துவைக்காத சட்டை. மார்பில் பழுப்புக் கோடு, பையோரத்தில் தேங்காய்த் துருவல்.

"இந்தக் கறை செல்லத்தாய் வண்டிக் கறை," என்றார். "தினம் நான் அங்கேதான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. ஆத்துல வாங்கின பாட்டிலை ஜிம்மிக்கு விட்டேன். அதைக் கொன்னது மண்வாசம். விட்ட கை என் கை."

ஜகதாம்பாள் மெதுவாகத் திரும்பினாள். "அப்போ, தினம் டம்ளர் அலம்பி வெச்சிருந்ததே?"

"நான்தான் அலம்பினேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு டம்ளர் அலம்பாத மனுஷன் அலம்பினபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்," என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கிரீஷ் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கணம்தான் தடுமாறினார். அடுத்த கணம் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ! மழையில கொஞ்சம் ஈரம் பட்டிருக்கலாம். சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கொடுப்பேனா? எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்காங்க."

"பாவம், அவரும் ஏமாந்திருக்கார்," என்று ஒரு குரல் கிளம்பியது. இன்னும் இரண்டு தலைகள் ஆடின. மேடம் சொன்னபடியே ஆறுதல் தொடங்கிவிட்டதே என்று மருதுவுக்குச் சிரிப்பு வந்தது.

"குழந்தைங்க பேச்சை நீங்களே எடுத்தீங்க, நல்லது," என்றாள் மதுவந்தி. "மருது, போடு."

செல்போனிலிருந்து சிவனாண்டியின் குரல் ஏசி ஹாலில் ஒலித்தது. மொதலாளி வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் பால். டெஸ்ட். கொட்டையை மாட்டுக்குக் காட்டவே கூடாது. வாயில்லா சீவன் மேல அம்புட்டுப் பிரியம். அரைச்சுப் பாட்டில்ல போகுது.

"மாட்டுக்கு நிறுத்தினீங்க கிரீஷ். ஏன்னா அந்தப் பால் உங்க வீட்டுக்கு வருது. பாட்டில் மத்தவங்க வீட்டுக்குப் போகுது, அதனால நிறுத்தலை. இந்தக் கட்டடத்துல இருக்கற பிள்ளைங்களுக்கு நீங்க உங்க மாட்டுக்குக் கொடுத்த மரியாதையைக்கூடக் கொடுக்கலை."

கிரீஷ் வாயைத் திறந்தார். அதற்குள் தீப்தி எழுந்துவிட்டாள்.

"சளி பிடிக்கும்னு சொன்ன," என்றாள் அவரிடம். குரல் தாழ்ந்திருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "நம்ம பசங்க ஸ்கூலுக்கு மண்வாசம் கேட்டப்போ, வேண்டாம், சளி பிடிக்கும்னு சொன்ன. நான் என் கையாலே பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கெல்லாம் கொடுத்தேனே கிரீஷ்!"

அதற்குமேல் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. தாய்மார்கள் செல்போனை எடுத்து டாக்டர்களுக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். கேட் பக்கத்துக் கடையில், மதுவந்தி வரவழைத்திருந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி சணல் கயிறு கட்டிய பாட்டில்களுக்கெல்லாம் சீல் வைத்துக்கொண்டிருந்தார். தீர்மானம் எழுதிய காகிதம் மேஜையடியில் கிடந்தது. அதன்மேல் யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள்.

செயலாளர் மேஜையிலிருந்த வண்டிப் பூட்டின் சாவியைத் தீப்திதான் கொண்டுவந்து கொடுத்தாள். செல்லத்தாய் வாங்கிக்கொண்டாள். போய்ச் சங்கிலியைக் கழற்றினாள்.

வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது, பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். முதல் வரிசையில் நாற்காலி மாறி உட்கார்ந்தவரும் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, இன்னைக்குப் பருத்திப்பால் உண்டா?" என்றார்.

"அடுப்பப் பத்தவைக்க விட்டாத்தானய்யா பாலு? நாளைக்கு வாங்க. உங்க டம்ளர நீங்களே கொண்டாங்க. என் டம்ளர நான் நல்ல மனுசருக்கு வச்சிருக்கேன்."

ஹாலாஸ்யம் கேட் ஓரமாக நின்றிருந்தார். கையில் ஜிம்மியின் கழுத்துவார். செல்லத்தாய் வண்டியை நிறுத்தினாள்.

"சாமி, நீங்க மட்டும் நேரத்துக்கு வந்துருங்க. வெள்ளச் சட்ட வேணாம். மாமி பாவம்."

"சட்டையே இல்லாம அனுப்பறேன்," என்றாள் பின்னால் வந்த ஜகதாம்பாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கூட நானும் வரேன். எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வை."